வருவேன் என்று சொன்ன மாமா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற தட்டச்சர். ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் 1979-இல் சேர்ந்து, முப்பத்தைந்து வருடம் ஆங்கிலக் கடிதங்களை அடித்துக் கொடுத்தவள். பள்ளியில் பாடம் நடத்திய அனுபவம் எனக்கு இல்லை. ஆனாலும் நம் பிள்ளைகளின் ஆங்கிலப் பயிற்சியில் நடக்கும் ஒரு தவற்றைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வாய்விட்டுப் படித்தால் விளங்கிவிடும்.

எதிர்வீட்டுப் பிள்ளை இரண்டாம் படிவம் படிக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அதனால் மாலையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் வீட்டுப்பாடம் செய்வாள். போன மாதம் ஒருநாள் ஆங்கிலப் பயிற்றியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். கோடிட்ட இடத்தில் ‘வில்’ அல்லது ‘வுட்’ போட வேண்டும். பத்துக் கேள்வி, நான்கு தவறு. பயிற்றியின் பின்பக்க விடைப்பகுதியைப் பார்த்து வகுப்பில் திருத்தியிருக்கிறார்கள்.

அந்த நான்கையும் வாங்கிப் பார்த்தேன். முதலாவது, ‘மை அங்கிள் செட் ஹி ___ கம் டுமாரோ.’ மாமா நாளைக்கு வருவேன் என்று சொன்னார். இவள் ‘வில்’ போட்டிருக்கிறாள், விடைப்பகுதி ‘வுட்’ என்கிறது. இரண்டாவது, ‘___ யூ ஓப்பன் தி டோர், ப்ளீஸ்?’ கதவைத் திறக்கிறீர்களா? இதற்கும் ‘வில்’ போட்டிருக்கிறாள், விடை ‘வுட்’. மூன்றாவது, ‘ஐ ___ ஹெல்ப் யூ.’ நான் உனக்கு உதவுவேன். அவ்வளவுதான் கேள்வி, முன்னும் இல்லை பின்னும் இல்லை. இவள் ‘வுட்’ போட்டாள், விடை ‘வில்’. நான்காவது, ‘இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ ___ ஃப்ளை ஹோம்.’ நான் பறவையாக இருந்தால் வீட்டுக்குப் பறந்து போவேன். இதற்கு ‘வில்’ போட்டிருந்தாள்.

நான்காவதில் அவள் செய்தது பிழைதான். மற்ற மூன்றிலும் அவள் எழுதியது ஆங்கிலத்தில் சரியான வாக்கியம். சரியாக எழுதிய பிள்ளைக்குச் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது.

“பாட்டி, மாமா நாளைக்குத்தானே வரப்போறாரு? இன்னும் நாளே வரலையே. அப்புறம் ஏன் வுட்?” என்று கேட்டாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை கேட்ட அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. ‘சொன்னார்’ என்று இறந்தகாலத்தில் வந்தால் பின்னால் வரும் ‘வில்’லை ‘வுட்’ ஆக்க வேண்டும் என்பது பள்ளியில் சொல்லித்தரும் விதி. விதி உண்மைதான். ஆனால் மாமா சொன்னது இன்று காலையில் என்றால், அவர் வர வேண்டிய நாள் இன்னும் தாண்டவில்லை என்றால், அவர் மனம் மாறவில்லை என்றால், ‘ஹி செட் ஹி வில் கம் டுமாரோ’ என்று ஆங்கிலேயரே சொல்வார்கள், எழுதுவார்கள். ‘வுட்’ போட்டாலும் சரி. சொன்னவர் வராமலே போய்விட்டார், அந்த நாளும் கடந்துவிட்டது என்றால்தான் ‘வுட்’ தவிர வேறு வழியில்லை. மாமா எப்போது சொன்னார், வந்தாரா, வரவில்லையா? கேள்வியில் இதெல்லாம் இல்லை. இல்லாத செய்தியைப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பாள்?

இதில் நம் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. தமிழில் நாம் ஒருவர் சொன்னதை அவர் வாயிலிருந்து வந்தபடியே எடுத்து வைத்து, பின்னால் ‘என்று சொன்னார்’ போடுகிறோம். ‘வருவேன்’ என்பதை யாரும் மாற்றுவதில்லை. நேற்று சொன்னாலும், பத்து வருடத்துக்கு முன்னால் சொன்னாலும் ‘வருவேன் என்று சொன்னார்’தான். மலாயிலும் அப்படியே. ‘டியா காத்தா டியா அக்கான் டாத்தாங்.’ அந்த ‘அக்கான்’ எந்தக் காலத்திலும் உருமாறாது. வீட்டில் பேசும் மொழி, பள்ளியில் பேசும் மொழி இரண்டும் ஒரே வழியில் போகும்போது ஆங்கிலம் மட்டும் வேறு வழியில் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் கொஞ்சம் நின்று விளக்கிச் சொல்ல வேண்டும். எனக்குப் படுவது இது: தமிழிலேயே ‘வருவதாகச் சொன்னார்’ என்று இன்னொரு வகை இருக்கிறது. ‘வருவேன் என்றார்’ என்பதில் அந்த ஆள் பக்கத்தில் நிற்கிறார். ‘வருவதாகச் சொன்னார்’ என்பதில் நாம் சற்றுத் தள்ளி நிற்கிறோம், வருவாரோ மாட்டாரோ என்கிற ஓர் இடைவெளி தெரிகிறது. ‘வுட்’ அந்த இடைவெளிக்கு நெருக்கமானது. இதைச் சொன்னதும் பிள்ளை, “ஓ, அப்படியா” என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

என் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். நான் பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். ஆறு வருடம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, அப்புறம் இடைநிலைப்பள்ளிக்குத் தயார்படுத்தும் புகுமுக வகுப்பு, அதற்கப்புறம் ஆங்கில வழி இடைநிலைப்பள்ளி. 1977-இல் எம்சிஇ எழுதினேன். எஸ்பிஎம் என்கிற ஐந்தாம் படிவத் தேர்வுக்கு இணையாக அப்போது ஆங்கில வழியில் படித்தவர்கள் எழுதிய தேர்வு அது. எங்கள் ஆங்கில வகுப்பில் தமிழில் பேசினால் பத்துக் காசு அபராதம். அபராதம் கட்டக் காசு இல்லாததால் பேசாமலே இருந்தோம். சந்தேகத்தை ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாது, தமிழில் கேட்கக் கூடாது. ‘வுட்’ என்றால் மரியாதை என்று யாரோ ஒரு தோழி சொன்னாள். அதையே பிடித்துக்கொண்டு தேர்வையும் எழுதி, தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்து, வேலைக்கும் போய்விட்டேன்.

வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம். சரக்கு எடுக்க வேண்டிய ஒரு வாடிக்கையாளருக்குக் கப்பல் வரும் நாளைத் தெரிவிக்கும் கடிதம். எங்கள் அலுவலகப் பெரியவர் வெளியே போயிருந்ததால் நானே வாசகம் எழுதி அடித்தேன். ‘தி வெஸல் வுட் அரைவ் ஆன் தர்ஸ்டே.’ ‘வில்’ என்று போட்டால் அதிகாரமாக இருக்கும், ‘வுட்’ என்றால் பணிவாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த வாடிக்கையாளர் பழைய ஆங்கிலப் பள்ளியில் படித்த சீனப் பெரியவர். கடிதத்தைப் படித்தவர், கப்பல் வருவது உறுதியில்லை, ஏதோ நிபந்தனை இருக்கிறது, அடுத்த கடிதம் வரும் என்று எண்ணிக்கொண்டு லாரிக்குச் சொல்லவில்லை. கப்பல் சொன்னபடி வியாழக்கிழமை வந்து நின்றது. சரக்கு பட்டர்வொர்த் துறைமுகக் கிடங்கில் தங்கிப்போய் வாடகை ஏறியது. பிறகு அவர் தொலைபேசியில் அழைத்து, “வுட் அரைவ் என்றால், இஃப் வாட்?” என்று கேட்டார். எது நடந்தால் வரும் என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் பெரியவர் என்னைத் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து, நடக்கும் என்று நீ உறுதி கொடுக்கும் இடத்தில் ‘வில்’, ‘ஆனால்’ என்று ஒரு சொல் தொண்டையில் நிற்கும் இடத்தில் ‘வுட்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை வெகுநாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

இன்றைக்கும் இந்த ‘வுட்’ நம் ஊரில் தேவையில்லாத இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. கூட்டம் மூன்று மணிக்கு நடைபெறும் என்பதற்கு ‘வுட் பி ஹெல்ட்’ என்று அறிவிப்பு. நாளை விடுப்பில் இருப்பேன் என்பதற்கு ‘ஐ வுட் பி ஆன் லீவ்’. மலேசியாவில் மட்டும் இல்லை, சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் இந்த வழக்கம் உண்டு. பணிவு என்று நினைத்து எழுதுகிறோம், படிக்கும் வெளியூர்க்காரருக்கு அது தயக்கமாகத் தெரிகிறது. இதைப் பள்ளியில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ‘வில்’லும் ‘வுட்’டும் தேவையில்லாத பாடம் என்று யாரும் என் கடிதத்தைப் புரிந்துகொள்ள வேண்டாம்.

‘ஐ ___ ஹெல்ப் யூ’ என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இவளை ஏன் ‘வுட்’ போட்டாய் என்று கேட்டேன். “அவங்க உதவி செய்யணும்னு நினைக்கிறாங்க, ஆனா முடியலைன்னு நினைச்சேன்” என்றாள். உதவி செய்வேன், ஆனா... என்று இழுப்போமே, அதே இழுவைதான் ‘ஐ வுட் ஹெல்ப் யூ’. அவள் மனத்தில் ஒரு காட்சியைக் கண்டு, அந்தக் காட்சிக்குப் பொருத்தமான சொல்லைப் போட்டிருக்கிறாள். கேள்வி எழுதியவர் மனத்தில் இருந்தது வேறு காட்சி. இரண்டு பேரும் வேறு வேறு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மதிப்பெண் மட்டும் ஒருவருக்குப் போய்விட்டது.

கதவு கேள்வியும் அப்படித்தான். ‘வில் யூ ஓப்பன் தி டோர், ப்ளீஸ்?’ என்பதில் இலக்கணப் பிழை கிடையாது. ‘வுட்’ கூடுதல் மரியாதை, அவ்வளவே. நமக்கு ‘நீ’யும் ‘நீங்க’ளும் இருக்கின்றன. ‘திற’ என்பதும் ‘திறங்க’ என்பதும் ‘திறக்கிறீங்களா’ என்பதும் மூன்று படிகள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. தம்பிக்கும் தலைமையாசிரியருக்கும் அதே ‘யூ’. ஆகவே நம் ‘ங்க’ செய்யும் வேலையின் ஒரு பகுதியை அங்கே ‘வுட்’ செய்கிறது. யாரிடம் கேட்கிறோம் என்று கேள்வியில் போட்டிருந்தால், தலைமையாசிரியரிடம் என்று ஒரு சொல் இருந்திருந்தால், இந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ‘வுட்’ போட்டிருப்பாள்.

அவள் உண்மையாகவே தவறிய பறவைக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். ஏனென்றால் அதில் தமிழே பிள்ளையைக் கொஞ்சம் தடுமாற வைக்கிறது. ‘நேரம் இருந்தால் வருவேன்’ என்கிறோம். ‘சிறகு இருந்தால் பறப்பேன்’ என்கிறோம். முதலாவது நடக்கக்கூடியது, இரண்டாவது நடக்கவே நடக்காது. ஆனால் வினைச்சொல் இரண்டிலும் ஒரே உருவம். ‘இருந்தால்’ என்பது வாய்ப்பு உண்டா இல்லையா என்று சொல்லாது. கேட்பவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டை வினைச்சொல்லிலேயே காட்டியாக வேண்டும். ‘இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்.’ ‘இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ வுட் ஃப்ளை.’ அந்த ‘ஹேட்’ பார்வைக்கு இறந்தகாலம், பொருளில் இறந்தகாலம் இல்லை. கைக்கு எட்டாத தூரத்தை அது காட்டுகிறது.

இதை அவளுக்கு எப்படிச் சொன்னேன் என்றால், என் அம்மாவை வைத்துச் சொன்னேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும். பினாங் ஸ்திரீட்டில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு வார் போட்ட கைக்கடிகாரம் ஒன்றைப் பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “காசு இருந்தா வாங்கித் தருவேன்” என்றாள். சம்பள நாளுக்கு முந்தின வாரம் பாவாடைத் துணிக்கும் அம்மா அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தாள். “காசு இருந்தா வாங்கித் தருவேன்.” துணி வந்தது. கடிகாரம் வராது என்று அம்மாவின் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் சொல்வதென்றால் துணிக்கு ‘இஃப் ஐ ஹேவ் மணி, ஐ வில்’, கடிகாரத்துக்கு ‘இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட்’. தமிழ் அம்மாவின் குரல் சொன்னதை ஆங்கிலத்தில் எழுத்தே சொல்ல வேண்டும். பிள்ளை சற்று நேரம் பேசவில்லை. அப்புறம் பறவைக் கேள்வியைத் தானே அடித்துத் திருத்தினாள்.

கடந்துபோனதற்கு நம் மொழி நன்றாகவே உதவுகிறது. ‘நேற்று மழை பெய்யாமல் இருந்திருந்தால் வந்திருப்பேன்.’ மழை பெய்தது, வரவில்லை, இரண்டும் அந்த ‘வந்திருப்பேன்’ என்ற ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆங்கிலத்தின் ‘வுட் ஹேவ் கம்’ அதுவேதான். பாட்டியிடமும் மாமாவிடமும் நாள்தோறும் இப்படிப் பேசுகிற பிள்ளைக்கு, இது ஏதோ மூன்றாம் வகை நிபந்தனை வாக்கியம் என்று பெயர் சூட்டி, அட்டவணை போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு மிகப் பிடித்தது அதுதான். தைப்பூசம் வந்தால் அப்பா முதல் நாளே எங்களைக் கிளப்பிவிடுவார். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறுவோம். (பாலம் 1985-இல்தான் திறந்தார்கள், அதுவரை ஃபெரியை விட்டால் தீவுக்கு வர வழியில்லை.) வெள்ளிரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், சீனர்களும் கூடை கூடையாக உடைப்பார்கள், தண்ணீர் காலில் தெறிக்கும். கூட்டம் நெரித்தால் அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொள்வார். தண்ணீர்மலை வரை இறக்கவே மாட்டார்.

பாருங்கள், கிளப்பிவிடுவார், ஏறுவோம், உடைப்பார்கள், தெறிக்கும், ஏற்றிக்கொள்வார், மாட்டார். எல்லாமே எதிர்கால வினை. அப்பா போய் முப்பது வருடம் ஆகிறது. பழைய நாளில் வழக்கமாக நடந்ததைச் சொல்ல நாம் எதிர்கால வினையை எடுக்கிறோம். ஆங்கிலத்திலும் ‘மை ஃபாதர் வுட் கேரி மீ’ என்கிறார்கள், ‘வில்’ குடும்பத்துச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். இத்தனை தூரத்தில் இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்பதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும். ‘எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம் இருக்கும்’ என்று தமிழில் பழங்கதை சொல்லலாம். ஆங்கிலத்தில் அதற்கு ‘வுட்’ போட்டால் ஒட்டாது, ‘யூஸ்ட் டு’ வேண்டும். திரும்பத் திரும்பச் செய்த செயலுக்குத்தான் ‘வுட்’, சும்மா இருந்த மரத்துக்கு இல்லை.

இவ்வளவையும் தமிழில் சொல்லித்தர ஒரு மாலை நேரம் போதுமாக இருந்தது. ஆங்கில வகுப்பில் தமிழ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, இந்த ஊரில் 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலேயே தமிழ் வகுப்பும் இருந்தது என்பதை நினைவுபடுத்துகிறேன். மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாற்றையே அங்கிருந்துதான் எண்ணுகிறோம். இரண்டு மொழியும் ஒரே கூரையின் கீழ் இருந்த ஊர் இது.

நான் பள்ளி ஆசிரியர்களைக் குறை கூறவில்லை. நாற்பது பிள்ளைகளின் பயிற்றியைத் திருத்துபவர் விடைப்பகுதியைத்தான் பார்க்க முடியும். ஆனால் விடைப்பகுதி வேதம் ஆகிவிடக் கூடாது. நாங்கள் படித்தபோது ‘ஐ ஷால், யூ வில்’ என்று ஒரு விதி இருந்தது. நான், நாங்கள் என்றால் ‘ஷால்’, மற்றவர்களுக்கு ‘வில்’. மாற்றிப் போட்டால் மதிப்பெண் போகும். அந்த விதியை 1653-இல் ஜான் வாலிஸ் என்கிற ஆக்ஸ்ஃபோர்டுக் கணிதப் பேராசிரியர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் வகுத்து வைத்தார். மக்கள் பேச்சு அதற்கு என்றைக்குமே முழுதாகக் கட்டுப்படவில்லை. இன்று நம் பிள்ளைகளிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. அதற்காக நான் இழந்த மதிப்பெண்கள் இழந்தவைதான். ‘வில்’ என்றால் எதிர்காலம் என்று எழுதி வைப்பதும் இந்த வகைதான். கதவு தட்டும் சத்தம் கேட்டு, ‘அது தபால்காரராக இருக்கும்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘தட் வில் பி தி போஸ்ட்மேன்’. தபால்காரர் இப்போதே வாசலில் நிற்கிறார், எதிர்காலம் எங்கே இருக்கிறது?

பிள்ளை இடையில், ‘வுட்’ எழுதும்போது ஒலிக்காத ‘எல்’ எதற்கு என்றும் கேட்டாள். ‘வில்’லிலிருந்து பிறந்த சொல், பழங்காலத்தில் அந்த ‘எல்’ ஒலித்தது என்றேன். ‘குட்’ என்று ஒலிக்கும் முடியும் என்ற பொருள் கொண்ட சொல்லில் ‘எல்’ வந்தது வேறு கதை. அதில் முதலில் ‘எல்’லே கிடையாது. பக்கத்தில் இருந்த ‘வுட்’டையும் ‘ஷுட்’டையும் பார்த்து எழுத்தில் ஒட்டிக்கொண்டது. இதைக் கேட்டுவிட்டு அவள் அந்த மூன்று சொல்லையும் ஒரே வரியில் எழுதிப் பார்த்தாள். இப்படி ஆர்வமாகக் கேட்கிற பிள்ளைதான் பத்துக்கு ஆறு வாங்கி, தனக்கு ஆங்கிலம் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தேர்வுக்குத் தயார் செய்யத்தானே இந்தப் பயிற்சி என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். ஆறாம் ஆண்டில் எழுதிய யூபிஎஸ்ஆர் 2021-இல் நிறுத்தப்பட்டது, அடுத்த வருடம் மூன்றாம் படிவத்தில் எழுதிய பிடி3-யும் போனது. இந்தப் பிள்ளை எழுதப்போகும் பெரிய தேர்வு எஸ்பிஎம். அதில் ஆங்கிலம் 2021-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என்று நான்கு தாள்கள். முதல் தாளில் 40 கேள்விகள், ஒன்றரை மணி நேரம். அதன் இரண்டாம் பகுதியில் பத்து இடங்கள் கோடிட்டிருக்கும். ஆனால் பத்தும் ஒரே முழுக் கட்டுரைக்குள் இருக்கும். யார், எங்கே, எப்போது என்று படித்துப் புரிந்துகொண்டு தெரிவு செய்யலாம். தேர்வு வாரியமே சூழலோடு கேட்கும்போது, கடையில் விற்கும் பயிற்றிகள் ஏன் இன்னும் தலையும் வாலும் இல்லாத ஒற்றை வாக்கியத்தைக் கொடுத்துப் பிள்ளைகளை மடக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களே, உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்திலும் ஆங்கிலப் பயிற்சிகள் வருகின்றன. நான் கேட்பது ஒன்றுதான். ‘வில்’, ‘வுட்’ கேள்வி ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரே ஒரு வரி போடுங்கள். யார் யாரிடம் பேசுகிறார், நடக்குமா நடக்காதா, நடந்து முடிந்ததா. அந்த ஒரு வரி தமிழில் இருந்தாலும் குற்றமில்லை, தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. அப்படி வரி போட முடியாத கேள்வி என்றால், இரண்டு விடையையும் சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள். பயிற்றி எழுதுபவர்களுக்கும், மாலையில் டியூஷன் நடத்தும் பட்டதாரிப் பிள்ளைகளுக்கும் இதே வேண்டுகோள். பெற்றோரும் விடைப்பகுதியைப் பார்த்துத் தலையில் குட்டுவதற்கு முன் ஏன் இதைப் போட்டாய் என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணத்தில் இலக்கணம் இருக்கும்.

எதிர்வீட்டுப் பிள்ளையிடம் மாமா கேள்விக்கு அந்த ஒரு வரியை நீயே எழுது, ‘வில்’லுக்கு ஒன்று, ‘வுட்’டுக்கு ஒன்று என்று சொல்லிப் பார்த்தேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். முதலாவதற்கு, ‘மாமா இப்பத்தான் ஈப்போவிலிருந்து போன் பண்ணினார், அம்மா மீன் வாங்கப் போயிருக்கிறார்’ என்று எழுதி, கீழே ‘ஹி செட் ஹி வில் கம் டுமாரோ’ என்று போட்டாள். இரண்டாவதற்கு, ‘போன தீபாவளிக்கு முறுக்கு எடுத்து வைத்துவிட்டு நானும் தம்பியும் வாசலில் உட்கார்ந்திருந்தோம்’ என்று எழுதினாள். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம். ‘ஹி செட் ஹி வுட் கம். வீ வெயிட்டட் அன்டில் டென் ஓ க்ளாக்.’

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தட்டச்சர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.